முன்சீட்டுச் சத்தம்

அக்டோபர் 13, வெள்ளி

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'க' ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. 'ஞ' எழுதி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆயுள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை இது. வளைவில் லேசாக விட்டு, நேரில் இறுக்கிப் பிடித்துப் பழகியது. எழுத்தில் நேர் என்பதே இல்லை, எல்லாம் வளைவு. கோட்டை விட்டு ஓர் எழுத்து இறங்கினால் ரோட்டை விட்டு வண்டி இறங்கியது போல மனம் பதறுகிறது.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் தாராபுரம். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஓட்டுவதில்லை. வண்டி மட்டும் இருக்கிறது. வெள்ளை நிறம், டீசல், பழசு. பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எப்சிபா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். "தெனமும் ஒரு வரியாச்சும் எழுதுங்க ஐயா. வெள்ளிக்கிழமை நான் பாக்கறேன். என்ன எழுதறதுன்னு யோசிக்க வேண்டாம், அன்னிக்கு நடந்தத எழுதுங்க" என்றார்.

இன்று நடந்தது: முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. வண்டியைத் துடைத்தேன். இதை எழுத ஆரம்பித்தபோது வெயில் வாசலில் இருந்தது. இப்போது சுவருக்கு ஏறிவிட்டது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது, நாக்கு காய்ந்து கிடக்கிறது.

அக்டோபர் 14, சனி

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று போர்டு படித்தேன். உடுமலை. பழனி. காங்கேயம். ஒட்டன்சத்திரம் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அக்டோபர் 15, ஞாயிறு

மயிலாத்தாள் என் மனைவி. மகள் கோகிலாவின் பிரசவத்துக்கு ஓசூர் போனாள். ஆஸ்பத்திரியை அங்கேயே பார்த்துவிட்டதால் இவள் போக வேண்டியதாயிற்று. எங்கள் வண்டியில் கொண்டுபோய் விட்டேன், திரும்பும்போது லீவில் வந்திருந்த மாப்பிள்ளை கூட வந்து போர்டு படித்தார். பிறந்த பாப்பா இப்போது வீடெல்லாம் ஓடுகிறது. மயிலாத்தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கோகிலாவுக்குக் கம்பெனியில் ஷிப்டு. நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மயிலாத்தாளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. காங்கேயம் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். எங்கள் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் எத்தனை தூரம் வேண்டுமானாலும் வருவாள்.

ஞாயிறு என்றால் போன் வரும். இன்றும் வந்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ எப்ப வர்றே?"

"பஸ்ஸுல என்னால முடியாதுன்னு தெரியுமல்ல. வண்டியக் கொண்டுக்கிட்டு வாங்க, ஏறி உக்காந்து வந்தர்றேன்."

"நெசமா வருவியா?"

"வருவேன். நீங்க எப்படி வருவீங்க, போர்டு படிக்க ஆளு வேணுமல்ல?" என்று சிரித்தாள்.

அதுவும் உண்மைதான். டாக்சியில் வருகிறவர்கள் வழி சொல்வார்கள். வழி தெரியாத ஊருக்கு நான் அடையாளம் வைத்துப் போவேன். ஒரு புளியமரம், ஒரு பச்சை பெயின்ட் அடித்த மில், ஒரு தண்ணீர்த் தொட்டி. நாலு வழிச் சாலை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது பாலத்துக்குப் பாலம் ஒரே மாதிரி இருக்கிறது. அதன் பிறகு எங்கே போனாலும் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து போர்டு படிப்பாள். அஞ்சாவது வரை போனவள். "ஈரோடு லெப்டுல, நேராப் போனா சேலம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வாள்.

நான் வகுப்புக்குப் போவதை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்பாக நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்த வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இதற்காகத்தான் படித்தேன் டீச்சர்.

அக்டோபர் 18, புதன்

இன்று சோப்பு உறையைப் படித்தேன். குளிக்க நேரமாகிவிட்டது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வருடா வருடம் வண்டியைக் கழுவுவது நான், பொட்டு வைப்பது மயிலாத்தாள். இந்த வருடம் இரண்டும் நானே.

கழுவியதோடு விடாமல் பானெட்டைத் திறந்து கையோடு சில வேலைகளையும் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் வயர் இருக்கிறது. அதைப் போல்ட்டோடு கழற்றினேன். வயர் உட்காரும் இடத்தில் துரு பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளிக் காசு போலப் பளபளவென்று வந்துவிட்டது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

பிறகு சந்தனம் குழைத்தேன். கெட்டியாகக் குழைத்தேன். பானெட், முன் விளக்குகள், ஸ்டியரிங், நாலு சக்கரம், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தேன். அவள் வைத்தால் ஒரே அளவில் வட்டமாக இருக்கும். நான் வைத்தது அப்பம் மாதிரி இருந்தது. என்ஜினுக்கும் பேட்டரிக்கும் வைத்தேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று இருந்தேன். பிறகு வயரை மாட்டி முடுக்கினேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கித் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தேன். பொரியும் கடலையும் மிஞ்சிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். "அக்கா எப்பங்க வர்றாங்க?" என்று கேட்டார்கள். வருவாள் என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

மயிலாத்தாளை விட்டுவந்த பிறகு வண்டி தெருவைத் தாண்டியதில்லை. இன்று அமராவதிப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நன்றாகப் போகிறது. ஆனால் ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்கிறது. மேடு ஏறினால் 'டொக் டொக்'. இடது பக்கம் முன்னாலிருந்து வருகிறது. இந்தச் சத்தம் இதற்கு முன்னால் கிடையாது. வண்டியில் எந்த ஆணி எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். இது புதுக் குரல்.

கதவா என்று பார்த்தேன். கதவில்லை. ஜாக்கியைத் துணி சுற்றி வைத்தேன். டேஷ்போர்டுக்குள் இருந்த டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். மறுபடியும் 'டொக்'.

அக்டோபர் 27, வெள்ளி

சாவி திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவது போல் கத்தியது. விளக்கு மங்கல். கொஞ்சம் பொறுத்துத் திருப்பினேன், ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆப் செய்து மறுபடி திருப்பினேன். 'டக்'.

டீச்சர், போன வார நோட்டில் 'ன'வும் 'ண'வும் திருத்தியிருந்தீர்கள். நன்றி. சிவப்பு மை பார்க்க அழகாக இருக்கிறது.

அக்டோபர் 28, சனி

ஜப்பார் பாய் வந்தார். பழைய மார்க்கெட் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். என்னை விட வயதில் சிறியவர், வாய் பெரியது.

"என்னுங்ணா, வண்டிக்கும் வயசாச்சு, உங்குளுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா மல்லாந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் தீபாவளிக்கு ஓசூர் போகோணும் பாய்."

"ஓசூரா? பஸ்ஸு ஓடுதல்லங்க."

"வண்டிலதான் போகோணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேட்டரியைச் சோதித்தார், நல்லபடியாக இருக்கிறது என்றார். வண்டியைக் கிளப்பும் செல்ப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினார். ஸ்டார்ட் ஆனது. "மோட்டாருக்குள்ள கார்பன் பிரஸ் தேஞ்சிருக்குமாட்ட இருக்குது" என்று கழற்றிக்கொண்டு போனார்.

அந்த 'டொக்' சத்தத்தையும் சொன்னேன். "அதையும் பாத்தர்லாம். மொதல்ல ஓடட்டும், அப்பறம் பேசட்டும்" என்றார்.

அக்டோபர் 30, திங்கள்

ஜப்பார் பாய் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். பிரஸ் தேயவில்லையாம். சுத்தம் செய்து கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் ஆனது. அப்படியே சத்தம் கேட்கப் போனோம். அவர் என் பக்கத்தில் முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பாலம் வரை போனோம், திரும்பினோம். வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினேன். சத்தமே இல்லை.

"எங்குங்ணா சத்தம்?"

"அன்னிக்கு வந்துச்சு பாய்."

"உங்க காதுக்குள்ளதான் ஏதோ லூசு. அத நான் முடுக்க முடியாது."

அவர் இறங்கிப் போனதும் நான் தனியாகத் தெருமுனை வரை ஓட்டினேன். 'டொக் டொக்'. வண்டி என்னிடம் மட்டும் பேசுகிறது.

மாலையில் மறுபடி 'டக்'.

நவம்பர் 1, புதன்

கண்டுபிடித்துவிட்டார். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஜப்பார் பாய் ஒரு தடித்த வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரியிலும் மறு முனையை என்ஜினிலும் பிடித்தார். என்னைச் சாவி திருப்பச் சொன்னார். 'விர்' என்று ஸ்டார்ட் ஆனது. எடுத்துவிட்டுத் திருப்பச் சொன்னார். 'டக்'. மறுபடி பிடித்தார். ஸ்டார்ட். "ஆகா, எர்த்துதான் போய்ச் சேர மாட்டேங்குது" என்று குனிந்து அந்த போல்ட்டைக் கழற்றினார். வயரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

பளபளவென்று நான் தேய்த்து வைத்த இடத்தில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். அதன் மேல்தான் வயரை வைத்து முடுக்கியிருக்கிறேன்.

"கரண்டு போற வழிக்கே பொட்டு வெச்சுட்டீங்களேணா. அது எப்படி மிதிச்சிட்டுப் போகும்?"

"விஜயதசமி அன்னிக்கு ஓடுச்சே பாய்?"

"சந்தனம் ஈரமா இருந்த வரைக்கும் ஓடிருக்கும். காஞ்சதும் ஓடு மாதிரி ஆயிருச்சு. போல்ட்டு வழியாக் கொஞ்சம் கொஞ்சம் போயிட்டு இருந்திருக்குது, அதான் ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல."

சுரண்டி எடுத்து, மறுபடி தேய்த்து, வயரை இறுக்கினார். சாவி தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. அவர் போகும்போது, "அக்கா இருந்திருந்தா இந்த வேல நடந்திருக்காதுங்ணா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

சுரண்டிய சந்தனத்தைக் கீழே போட மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3, வெள்ளி

வகுப்பு முடியும்போது மழை. டீச்சர் நனைந்துகொண்டு போக வேண்டாம் என்று வண்டியில் ஏறச் சொன்னேன். இதை அவரே படிக்கப் போகிறார், அதனால் கூட்டிக் குறைத்து எழுத முடியாது. டீச்சர் பின்சீட்டில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசல் மேட்டில் ஏறியதும் அவர்தான் சொன்னார்.

"ஐயா, இந்த முன்சீட்டு ஆடுதுங்களே. கீழ என்னமோ அடிக்குது பாருங்க. டொக் டொக்னு."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் கையை வைத்து அசைத்தேன். 'டொக்'. கையை அழுத்தினேன். சத்தம் நின்றது. எடுத்தேன். 'டொக்'.

"ஆளு உக்காந்தா வராது போல இருக்குது ஐயா. காலியா இருந்தாத்தான் ஆடுது."

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர், "என்னாச்சுங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

நவம்பர் 4, சனி

ஜப்பார் பாய் சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சீட்டுக் காலைத் தரையோடு பிடிக்கிற போல்ட்டின் ஓட்டை தேய்ந்து பெரிதாகிவிட்டதாம்.

"இது இன்னிக்கு நேத்து தேஞ்சதில்லீங்ணா. நெம்ப வருசமாவே லூசுதான். ஆளு பாரத்துல அமுங்கிக் கெடந்திருக்குது. அக்கா எப்பவும் இதுலதான் உக்காருவாங்களா?"

"எப்பவும்."

"அதான் உங்குளுக்குக் கேக்கல. நான் ஏறுனப்பவும் கேக்கல." இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். "போல்ட்டு முடுக்கிப் பிரயோசனமில்ல. தகடு வெச்சு வெல்டிங் வெக்கோணும். சீட்டக் கழட்டோணும், வண்டிய விட்டுட்டுப் போங்க."

ஓசூர் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

இன்று போனில் கோகிலா பேசினாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அம்மா இருக்கறதாலதான் போக முடியுதுப்பா. அம்மா இல்லீன்னா நான் வேலைய விட்டுட்டு உக்கார வேண்டியதுதான்" என்றாள். பிறகு, "நீங்களும் இங்கயே வந்தருங்களேன்ப்பா. அந்த வண்டிய எதுக்குக் கட்டி அழுகறீங்க?" என்றாள். அப்போது லைன் சரியாகக் கேட்கவில்லை.

மயிலாத்தாள் பேசினாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேனா என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன்.

சைலன்சர் கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்திருப்பது போலத் தெரிகிறது. நாளைக்கு ஜப்பார் பாயிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 6, திங்கள்

கிளாம்ப் முடுக்கியாயிற்று. பின் சக்கரத்தில் ஒரு உறுமல் கேட்கிற மாதிரி இருந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

உறுமல் இல்லை என்கிறார். பேன் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 8, புதன்

ஜப்பார் பாய் கடையில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"பெல்ட்டு நல்லா இருக்குது. பிரேக்கு நல்லா இருக்குது. எர்த்து நல்லா இருக்குது. வண்டி எப்பவோ ரெடிங்ணா. நீங்கதான் ரெடியாகல."

"அதில்ல பாய். நெம்ப தூரம்."

"தூரமா? திருப்பதிக்கும் தூத்துக்குடிக்கும் ஓட்டுன ஆளு நீங்க."

டீ ஆறிவிட்டது. "நான் போய் நின்னு, அவ வரலீன்னா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டேன் என்று தெரிந்தது.

ஜப்பார் பாய் டெஸ்டர் லைட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வயர் கட்டா இல்லையான்னு பாக்க ஒரே வழிதானுங்ணா. சுவிட்சப் போட்டுப் பாக்கோணும். போடாமயே உக்காந்துட்டு லைட்டு எரியுமா எரியாதான்னா, நான் எங்க போயிச் சொல்றது?"

நாளைக்கு டீசல் அடிக்க வேண்டும்.

நவம்பர் 10, வெள்ளி. ஓசூர்

இன்று வகுப்புக்கு வரவில்லை டீச்சர். ஓசூரில் கோகிலா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் கிளம்பினேன். காங்கேயம் எனக்குப் படிக்காமலே தெரியும், இருந்தாலும் படித்தேன். பெருந்துறையில் பெரிய சாலையில் ஏறும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். பச்சைப் போர்டு தூரத்தில் வந்தது. எழுத்து சின்னதாக இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. 'சே' முதலில் தெரிந்தது. சேலம். அம்புக்குறி நேராகக் காட்டியது. நான் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து சீட்டு 'டொக்' என்றது.

பவானி. சங்ககிரி. ஓமலூர். தொப்பூர். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அவள் சொல்லும் தோரணையில் சொன்னேன். "தருமபுரி நேரா, லெப்டுல போகாதீங்க." லாரிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். ஊர்ப் பெயரெல்லாம் இத்தனை வருடம் சாலையோரத்தில் எழுதித்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதையெல்லாம் வெறும் பச்சைத் தகரம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

கோகிலா வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். மயிலாத்தாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து வண்டிக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"ஆரு கூட்டியாந்தாங்க?"

"நான்தான்."

"வழி?"

"வந்துட்டேன்."

முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்து வந்ததை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

நவம்பர் 11, சனி

பாப்பாவின் பெயர் மிதுனா. என்னை "அப்பிச்சி" என்று கூப்பிட வைக்க எல்லோரும் பாடுபட்டார்கள். "பிச்சி" என்கிறது. மயிலாத்தாள் தோளில் போட்டால்தான் தூங்குகிறது. கோகிலா தூக்கினாலும் "அமுச்சி, அமுச்சி" என்று அழுது அவளிடமே போகிறது. கோகிலா ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடுகிறது.

பெட்டி கட்டச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். மயிலாத்தாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

மாலையில் மயிலாத்தாளையும் பாப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். அவள் எப்போதும் போலப் புடவையை ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினேன். வண்டி வாயே திறக்கவில்லை.

"என்னமோ சத்தம் வருது சத்தம் வருதுன்னீங்க?"

"வந்துச்சு. இப்ப இல்ல."

போர்டு வந்தது. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சூளகிரி" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே சின்னதாக எழுதியிருந்ததையும் விடவில்லை. "மெதுவாகச் செல்லவும்."

"ஏனுங்க. எப்ப?"

"பொழுதோட வகுப்பு நடக்குது. எப்சிபான்னு ஒரு டீச்சரு."

நான் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பாலம் போயிற்று.

"நீங்க தனியா வர மாட்டீங்கன்னுதான் நான் அன்னிக்குப் போன்ல அப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"பாப்பா, ஹாரன் அடிக்கறியா?" என்றேன். பாப்பா எட்டி அமுக்கியது. முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மயிலாத்தாள் கேட்டாள். "படிக்கத் தெரிஞ்சு போச்சு. அப்ப நான் எதுக்குங்க பக்கத்துல?" சிரித்த மாதிரிதான் கேட்டாள்.

"நீ இல்லீன்னா சீட்டு ஆடுது புள்ள" என்றேன். "சத்தம் அதுலதான். காலியா இருந்தா ஆடுது. தாராவரத்துல இருந்து இங்க வரைக்கும் ஆடிக்கிட்டேதான் வந்துச்சு."

அவள் பாப்பாவின் மூக்கைத் துடைத்தாள். பாப்பாவுக்கு மூக்கு ஒழுகவில்லை.

அடுத்த போர்டு தூரத்தில் வந்தது. எனக்குப் படிக்க வந்தது. பெரிய எழுத்து, சுலபமான எழுத்து. நான் வாயைத் திறக்கவில்லை. போர்டு பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. தாண்டப் போகிற நேரத்தில் அவள் சொன்னாள்.

"கிருஷ்ணகிரி, நேரா."

"செரி" என்றேன்.

"நேயா" என்றது பாப்பா.

நவம்பர் 14, செவ்வாய். தாராபுரம்

வந்து சேர்ந்தேன்.

நேற்று மத்தியானம் மயிலாத்தாள் அவளுடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திறந்து காட்டினாள். பட்டுப் புடவை, கோயிலுக்குக் கட்டுகிற புடவைகள், அவள் அம்மா கொடுத்த பித்தளைக் கெண்டி.

"இதையெல்லாம் கொண்டு போயி நம்ம பீரோவுல வெய்யுங்க. எனக்கு இங்க கட்டுறதுக்கு ரெண்டு போதும். தை பொறந்தா கோகிலாவுக்குப் பகல் ஷிப்டே போட்டுக் குடுக்கறாங்களாம். பாப்பாவப் பாத்துக்கற எடத்துல விட்டுப் பழக்கோணும். பழகீட்டா வாரேன்."

"பழகலீன்னா?"

"நீங்க இந்த வயசுல எழுதப் படிக்கப் பழகல?"

கோகிலா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளே முன்சீட்டில் வைத்தாள். நான் துண்டால் கட்டினேன்.

மயிலாத்தாள் கதவைச் சாத்தும்போது சீட்டை ஒரு தட்டு தட்டினாள். "இத என்ன பண்ணப் போறீங்க?"

"ஜப்பார் பாய் வெல்டிங் வெக்கோணுங்கறாரு."

"நான் வந்தப்பறம் வெச்சுக்கலாம்னு சொல்லுங்க."

வண்டியை எடுக்கும்போது ஜன்னலில் குனிந்து இன்னொன்றும் சொன்னாள். "போன்ல கேட்டா தெனமும் சாப்டேங்கறீங்க. என்ன சாப்டீங்க, என்ன பண்ணுனீங்கன்னு எழுதி அனுப்புங்க. நான் படிக்கறேன்."

திரும்பி வரும்போது பெட்டி கனமாக இருக்கும், சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன். தொப்பூர் இறக்கத்தில் 'டொக்' என்றது. பெட்டியின் பாரம் போதவில்லை. புடவைகள் எவ்வளவு கனம் இருந்துவிடும்? சங்ககிரி, பவானி என்று போர்டு போர்டாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது பதில் சொல்லிக்கொண்டே வந்தது. போகும்போது அந்தச் சத்தம் என்னைப் பயமுறுத்தியது. வரும்போது பழகிவிட்டது.

நவம்பர் 15, புதன்

ஜப்பார் பாய் வந்தார். முறுக்கு கொடுத்தேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லைட்டு எரிஞ்சுதுங்ளா?" என்றார்.

"கொஞ்சம் மங்கலா எரியுது. தையில பாப்போம்."

"மங்கலா எரிஞ்சா வயரு கட்டாகலீன்னு அர்த்தம்" என்று இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

புடவைகளை பீரோவில் அடுக்கினேன். அவள் அடுக்குவது மாதிரி வரவில்லை.

டீச்சர், இந்த நோட்டை வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன். வகுப்புக்கு வராத நாளுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்துக் கொடுத்ததும் மயிலாத்தாளுக்கு முதல் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அதில் தப்பு இருந்தால் திருத்த வேண்டாம், அப்படியே போகட்டும். கோணல் எழுத்தை நேராக்கிப் படிக்க அவளுக்குத் தெரியும். 'மயிலாத்தாள்' என்று இன்று மூன்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 'ள்' மட்டும் கீழே சறுக்குகிறது. இந்த வாரம் அவள் பெயரையும், சாம்பாரில் உப்பு கூடியதையும் எழுதி அனுப்புகிறேன். அதற்குள் கறிவேப்பிலை துளிர்த்துவிடும். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.